கொடைக்கானல் ஏரியும் வடசென்னைச் சைக்கிளும்: வாசகர் கேள்வி பதில்

தை பிறந்ததும் கொடைக்கானலுக்குச் சைக்கிளோடு போய்வர வேண்டும் என்று எழுதியவர்கள் இம்முறை அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஏரிக்கும் அதைச் சுற்றியுள்ள பாதைகளுக்கும் மட்டுமே ஒதுக்கியிருக்கிறேன்.

நண்பர்கள் நால்வர் மூன்று நாள் கொடைக்கானலில் தங்கி ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டப்போகிறோம். மூன்று நாளுக்கும் ஏரிச் சுற்று ஒன்றே போதுமா?
*வாசகர், கொருக்குப்பேட்டை*

போதாது. ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். பெரிய மேடு பள்ளம் இல்லாத அந்தச் சாலையைப் பழகிய கால்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிடும். ஆயினும் முதல் நாளை அதற்கே கொடுங்கள் என்றுதான் சொல்வேன். காசிமேட்டிலிருந்து பார்த்தால் கடல் மட்டத்தில் வாழும் நாம், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் திடீரென்று போய் நிற்கிறோம். அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். சும்மா நடந்தால் இது தெரியாது. பெடலை அழுத்தத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏரியைப் பற்றி ஒரு சிறு கணக்கு. இது இயற்கையான ஏரி அன்று. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி உண்டாக்கியது. முதல் படகைக்கூட அவர் தூத்துக்குடியிலிருந்துதான் மலையேற்றிக் கொண்டுவந்தார் என்பது நம் கடலோர வாசகர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். அது வட்டமாக இருந்திருந்தால் சுற்றளவு ஒன்றே முக்கால் கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. பள்ளத்தாக்கின் விரல்களுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்து நட்சத்திரம்போல் விரிந்துவிட்டதால்தான் கரைச்சாலை அதைப்போல் மூன்று மடங்கு நீண்டுவிட்டது. சைக்கிள்காரருக்கு இதில் ஒரு பயன் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏரி வேறு முகம் காட்டும் என்பது பயன். வளைவுக்கு அப்பால் வாடகைக் குதிரை நிற்கிறதா, பள்ளிச் சுற்றுலாவின் பிள்ளைகள் நான்கு பேர் கைகோத்து வருகிறார்களா என்பது கடைசி நொடிவரை தெரியாது என்பது ஆபத்து. காலை ஆறு மணிக்குப் போனால் சாலை உங்களுடையது. பத்து மணிக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் வேகம்.

மாலையில் கால் ஒத்துழைத்தால் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வரை ஏறிப் பாருங்கள். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவுதான். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழனி தெரியும். குறிஞ்சிப் பூவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான்.

வரைபடத்தில் பார்த்தால் ஏரியிலிருந்து பூம்பாறை 18 கிலோமீட்டர்தான் என்று இருக்கிறது. பெரம்பூரிலிருந்து செங்குன்றம் போய்வருவது எனக்குப் பழக்கம். காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம் அல்லவா?
*வாசகி, பெரம்பூர்*

ஏரியைச் சுற்றியுள்ள பாதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். திரும்பிவிடலாம், அம்மா, ஆனால் செங்குன்றத்துக் கணக்கை இங்கே போடக் கூடாது. சமவெளியில் தூரம்தான் கணக்கு. மலையில் தூரத்தோடு உயரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதிலும் போகும் உயரத்தைவிடத் திரும்பும் உயரம்தான் முக்கியம்.

ஏரியை விட்டு விலகியதும் சாலை ஏறத் தொடங்கும். ஊர்க்காரர்கள் அப்சர்வேட்டரி என்றே சொல்லும் சூரிய ஆய்வுக்கூடம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்குள்ளேயே இருநூறு மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். (அந்த ஆய்வுக்கூடமும் ஒருவகையில் சென்னையிலிருந்து மலையேறியதுதான். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வானாய்வு நிலையத்தின் பணி, 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இந்த மேட்டில்தான். மூச்சு வாங்க நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.)

மேட்டைத் தாண்டியபின் சாலை இறங்கத் தொடங்கும். பைன் மரங்களும் யூக்கலிப்டஸ் மரங்களும் இருபுறமும் நிற்க, பெடலைத் தொடாமலேயே பல கிலோமீட்டர் போகலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பூம்பாறை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், ஏரியைவிடவும் தாழ்வாகவே இருக்கிறது. படிப்படியாய்ச் செதுக்கிய வயல்களும், ஓட்டு வீடுகள் நெருங்கிய தெருக்களும், குழந்தை வேலப்பர் கோயிலுமாக ஊர் கண்முன் விரியும்போது, இவ்வளவு சுலபமா என்று தோன்றும். வந்த சுகத்துக்கெல்லாம் திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும். ஏறத்தாழ நானூறு மீட்டர் ஏற்றம், அதுவும் வெயில் ஏறிய பிறகு, களைத்த கால்களோடு.

ஆகவே காலை ஆறரைக்குள் கிளம்புங்கள். பூம்பாறையில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள், சாப்பிடாமல் திரும்பாதீர்கள். அந்த ஊர்ப் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாம். ஐந்து கிலோ வாங்கிக் கேரியரில் கட்டிவிட்டு ஏற்றத்தில் என்னைத் திட்ட வேண்டாம். திரும்பும் ஏற்றத்தில் முதல் இரண்டு கிலோமீட்டரை, இவ்வளவு மெதுவாகவா என்று வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக ஓட்டினால், மதியச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரைக்கு வந்துவிடலாம்.

பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் வரை போகும் ஆசையும் சிலருக்கு வரும். ஏரியிலிருந்து அது 35 கிலோமீட்டர் அளவு. மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் புல்வெளிகளும் அங்கே இருக்கின்றன. நன்றாகப் பழகியவர்களுக்கு அது ஒரு முழுநாள் பயணம். முதல்முறை போகிறவர்கள் பூம்பாறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஐயா, என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய கியர் இல்லாத சைக்கிள். அதிலேயே வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற முடியுமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
*கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை*

தம்பி, நண்பர்கள் சிரிப்பதில் பாதி நியாயம் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில் காட்ரோடு என்ற பிரிவு வரும். மலைப்பாதை அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். வகுத்துப் பார்த்தால் நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர்தான் ஏற்றம் வருகிறது. மாட்டுவண்டிகளையும் மனத்தில் வைத்துப் போட்ட பழைய பாதை ஆதலால், செங்குத்தாக எங்கும் மூச்சை நிறுத்தாது. அதன் கொடுமை நீளத்தில்தான் இருக்கிறது. டம் டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்க்கும்போது பாதி வந்துவிட்டோம் என்று தோன்றும், வந்திருக்க மாட்டோம். பிறகு ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று நீண்டுகொண்டே போகும்.

இனி உன் சைக்கிளைப் பார்ப்போம். பெடலோடு சுற்றும் செயின் வீலில் எத்தனை பற்கள், பின்சக்கரத்தின் பல்சக்கரமான ஃப்ரீவீலில் எத்தனை பற்கள் என்று எண்ணிக்கொள். 44-க்கு 18 என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் ஐந்தரை மீட்டர் அளவு முன்னேறும். நிமிடத்துக்கு அறுபது சுற்று என்ற இயல்பான கதியில் மிதித்தால் வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஐம்பது கிலோமீட்டர் ஏறுவது பந்தய வீரர்களின் வேலை. வேகத்தைக் குறைக்க நினைத்தால் சுற்று குறையும், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் முனகும். முன்னால் 34 பற்களும் பின்னால் 32 பற்களும் உள்ள கியர் சைக்கிளிலோ அதே அறுபது சுற்றுக்கு வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்தான். அது எந்த ஆரோக்கியமான ஆளுக்கும் முடியும். ஆறேழு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஆள் 70 கிலோ, சைக்கிள் 10 கிலோ என்றால், இந்த உயரத்தை ஏறுவதற்கு மட்டுமே உடல் ஏறத்தாழ 1,400 கிலோகலோரியைச் செலவிடும். வழியில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டை நம்பிக் கிளம்புகிறவர்கள் பண்ணைக்காட்டுப் பிரிவில் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

என் யோசனை இது: அப்பாவின் சைக்கிளில் ஃப்ரீவீலை மாற்றி, 22 பற்கள் உள்ளதாகப் போட்டுக்கொள்; மிதி இலேசாகும். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் விசாரித்துப் பார். இந்த முறை அதைப் பேருந்தின் மேல் ஏற்றிக்கொண்டு போய், ஏரிச் சுற்றை அதிலேயே ஓட்டு. முழு ஏற்றத்தைக் கியர் சைக்கிள் கிடைக்கும் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேம்பாலத்தைத் தவிர வேறு மேடே இல்லாத ஊரில் மலைக்கு எப்படிப் பயிற்சி செய்வது?
*வாசகர், திருவொற்றியூர்*

மேம்பாலத்தை எளிதாக எண்ண வேண்டாம். அதே நேரத்தில் அதை மலை என்றும் எண்ண வேண்டாம். பெரம்பூர் மேம்பாலமோ மின்ட் மேம்பாலமோ ஏழெட்டு மீட்டர் ஏறினால் பெரிது. கொடைக்கானல் ஏற்றத்துக்கு ஈடாக இருநூறு தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அப்படியும் ஒரு நிமிடத்துக்குள் உச்சி வந்துவிடுவதால், ஓய்வில்லாமல் மிதிக்கும் பழக்கம் வராது. மலை கேட்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

நமக்கு வாய்த்த மலை கடற்காற்று. ஞாயிறு விடியற்காலையில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். ஏரியைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குச் சற்று முன்னதாகத் தெற்கு நோக்கித் திரும்புங்கள். கோடையில் தென்கிழக்கிலிருந்து எழும் காற்று முகத்தில் அறையும். இறக்கமே இல்லாத ஏற்றம் அது. பெடலை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். அந்தக் காற்றுக்கு எதிராக, வேகத்தைப் பாராமல், பேச்சு வரும் அளவு மூச்சோடு இரண்டு மணி நேரம் ஒரே சீராக மிதிக்கப் பழகியவருக்கு ஊத்து வரை பயமில்லை. திரும்பும்போது எண்ணூர் விரைவுச் சாலையைத் தவிர்ப்பது பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் புழுதி குடிப்பது எந்தப் பயிற்சியிலும் சேராது.

ஏற்றம்தான் கஷ்டம், இறக்கம் சுகம் என்று என் தம்பி சொல்கிறான். சரிதானா?
*வாசகர், ராயபுரம்*

இறக்கத்தில்தான் விழுவார்கள். நானும் விழுந்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். முதல்முறை போனபோது ஏரியிலிருந்து பெருமாள்மலைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் இழுத்துப் பிடித்தபடியே வந்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டிய ஒரு வளைவில் பட்டென்று ஒரு சத்தம். முன்சக்கரத்தின் ட்யூப் வெடித்துவிட்டது. நல்லவேளையாகச் சாலையோர மண்ணில் சாய்ந்தேன். எழுந்து ரிம்மைத் தொட்டதும் விரல் சுட்டது. அப்போதுதான் காரணம் புரிந்தது. ஏறும்போது கால்கள் சேமித்த உயரமெல்லாம் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தால் அது வெப்பமாகி ரிம்முக்குள் இறங்குகிறது. ரிம்மின் சூடு ட்யூபைத் தாக்குகிறது.

ஆகவே விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில் காற்று பட்டு ரிம் ஆறும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து, பார்வையை வளைவின் முடிவில் நிறுத்தித் திரும்புங்கள். வட்டு பிரேக் உள்ளவர்களுக்கு ட்யூப் பயம் குறைவு என்றாலும், விட்டு விட்டுப் பிடிப்பது அவர்களுக்கும் பொருந்தும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உதறிக்கொள்ளுங்கள். பிரேக் கட்டைகள் பாதி தேய்ந்திருந்தால் சென்னையிலேயே மாற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முதலிடம். இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பேருந்துக்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். அதன் ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள்.

சைக்கிளை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது? கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கினால் ஏரி பக்கம்தானே?
*வாசகர், வியாசர்பாடி*

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த நிலையத்திலிருந்து ஏரி 80 கிலோமீட்டர். எழும்பூரிலிருந்து மதுரை போகும் பாண்டியன் விரைவு வண்டி அங்கே நிற்கும் என்றாலும், நிற்கும் நேரம் மிகக் குறைவு. பார்சல் பெட்டியில் போட்ட சைக்கிளை அதற்குள் இறக்குவது நிச்சயமில்லை. பார்சலாகப் போட்டால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போடுவது மேல். முன்கூட்டியே பார்சல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டியைப்போல் டாங்கியைக் காலிசெய்யும் வேலை இல்லை. சாக்குச் சுற்றி, பெயர்ச்சீட்டை இரண்டு இடத்தில் கட்டினால் போதும். சக்கரங்களைக் கழற்றிப் பையில் போடத் தெரிந்தவர்கள் பையை இருக்கைக்கு அடியிலேயே தள்ளிவிடுகிறார்கள்.

எந்த மாதம் போகலாம்? இ-பாஸ் வேண்டுமா?
*வாசகி, எண்ணூர்*

தை பாதியிலிருந்து பங்குனி தொடக்கம் வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் பிடிவாதமானவை. சித்திரை, வைகாசியில் ஏரிக்கரை நம் சைனா பஜாரைப்போல் ஆகிவிடும். தை மாத விடியலில் உறைபனிகூட விழும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு; நம் ஊரைவிடப் பன்னிரண்டு, பதினான்கு டிகிரி குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையுறை மறக்கக் கூடாது. விறைத்த விரல் பிரேக் பிடிக்காது. மூடுபனிக்குப் பின்விளக்கு வேண்டும், பகலிலும்.

உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் முறை மோட்டார் வண்டிகளுக்கானது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. சாமான் ஏற்றிக்கொண்டு உங்களோடு கார் வந்தால் அந்தக் காருக்கு எடுக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால், எவர்சில்வர் பாட்டிலைச் சைக்கிளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

பேரிஜம் ஏரிக்குச் சைக்கிளில் போகலாமா?
*வாசகர், மணலி*

அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுச் சாலை. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் போக முடியாது. காட்டுமாடும் யானையும் நடமாடும் இடம். சைக்கிளுக்கு என்று திட்டமிடாதீர்கள். அந்தத் திசையில் தூண் பாறை வரை ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டினால், 122 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் மூன்று பாறைகளைக் காணலாம். மேகம் மூடினால் பாறை இருந்ததற்கான அடையாளமே இராது; காலையிலேயே போங்கள்.

என் அப்பாவுக்கு எழுபது வயது. துறைமுகத்துக்கு முப்பது வருடம் சைக்கிளில் போய்வந்தவர். அவரும் ஏரியைச் சுற்றி ஓட்ட ஆசைப்படுகிறார். அழைத்துப்போகலாமா?
*வாசகி, காசிமேடு*

தாராளமாக. இதயம், இரத்த அழுத்தம் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, போன மறுநாள் காலையில் ஓட்டச் சொல்லுங்கள். இறங்கிய அன்றே வேண்டாம். உங்கள் சைக்கிளைச் சுமக்கவும் தேவையில்லை, ஏரிக்கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். முப்பது வருடம் மிதித்தவருக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? ஆனால் வாடகை சைக்கிள்களில் சீட் பெரும்பாலும் குட்டையாகவே இருக்கும். அப்படியே ஓட்டினால் முழங்கால் வலிக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே ஸ்பேனரைக் கேட்டு வாங்கி, பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறத்தாழ நீளும் அளவுக்குச் சீட்டை உயர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பிரேக்கையும் அவரே பிடித்துப் பார்க்கட்டும்.